மடியில் கவிழ்த்த பந்தயப் பாதை

கார் பந்தயம் பார்க்கப் போவதற்காக நாங்கள் செய்த முதல் ஏற்பாடு, சேலம் ரோட்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்ததுதான். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ம், ஆரம்பி" என்பார். ரோட்டில் போகிற வண்டிகளை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

இது என்ன கூத்து என்று டீ மாஸ்டரே கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். எங்கள் ஊர் விருத்தாசலத்தில் சுட்டெடுத்த பீங்கான் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். உடைகிற சரக்கை ஓட்டிக்கொண்டு போவது தனி வேலை. பிரேக்கை எப்போது தொடுவது என்று மூளைக்கு முன்னால் காலுக்குத் தெரிய வேண்டும் என்பார். "என் வண்டியில முட்டய ஏத்துனா, எறக்குறப்ப குஞ்சா எறக்கலாம், அவ்ளோ பதமா ஓட்டுவேன்" என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. சர்க்கரை வந்து அந்தப் பெருமையை இறக்கிவிட்டது. முதலில் வலது கண் போனது. இடது கண்ணில் இப்போது வெளிச்சம் தெரியும், எதிரில் ஆள் நின்றால் நிழல் மாதிரி தெரியும். அதற்கு மேல் இல்லை.

லாரியை விட்டு இறங்கிய பிறகு அவர் வீட்டை விட்டும் இறங்கவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்குக் கூப்பிட்டாலும் "நீ போயிட்டு வா" என்பார். ஒரு தடவை வற்புறுத்திக் கேட்டேன். "போனா ஒரு மூலயில பத்திரமா ஒக்கார வெக்கிறாங்க. கெளம்புறப்ப வந்து எடுத்துக்கிறாங்க. நான் என்னா செருப்பா?" என்றார். அப்புறம் நான் கூப்பிடவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். சென்னைப் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. கம்பெனியில் அவளுக்கு இரண்டு பாஸ் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே பந்தயத்துக்கென்றே போட்ட பாதையில் பெரிய கார் பந்தயம். அவளுக்கு அன்றைக்கு ஷிப்ட். போனில், "அப்பா, நீயும் அம்மாவும் போயிட்டு வாங்களேன்" என்றாள். எனக்குத் திக்கென்றது. கண் தெரியாத மனுஷனை, கண் இமைக்கிற நேரத்தில் ஓடிப்போகிற காரைப் பார்க்கக் கூப்பிடுகிறாளே என்று.

அவர், "வரோம்னு சொல்லு" என்றார்.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "வரேன். ஆனா ஒண்ணு. அங்கயும் என்னைச் செருப்பு மாதிரி வுட்டு வெக்கக் கூடாது. எவன் முன்னால போறான், எவன் எந்த வளைவுல கோட்டை வுட்டான், எல்லாம் எனக்குத் தெரியணும். நான் பாக்கத்தான் வரேன். நீதான் சொல்லணும். முடியுமா ஒன்னால?"

"பேசுறதுக்கு என்னைப் போயி கேக்குறீங்களே" என்றேன்.

பீங்கான் சூளைகள் இருக்கிற செராமிக் எஸ்டேட்டில் என்னை எல்லோரும் ரேடியோ என்பார்கள். அங்கே ஒரு பொம்மை யூனிட்டில் எனக்கு வேலை. சூளையிலிருந்து இறங்குகிற பொம்மை, விளக்கு எல்லாவற்றையும் விரலால் சுண்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். நல்லது கணீர் என்னும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். காது வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும் என்பதால் பேச்சு வளர்ந்துவிட்டது. எட்டாவதுக்கு மேல் நான் படித்ததெல்லாம் பிறத்தியார் வாயிலிருந்துதான். யார் எதை அழகாகச் சொன்னாலும் முந்தானையில் முடிந்துகொள்வேன்.

அந்தத் தைரியத்தில்தான் டீக்கடையில் போய் உட்கார்ந்தோம்.

"பஸ்ஸு ஒண்ணு வருதுங்க. நல்லா கழுவி வுட்டிருக்காங்க, பளபளன்னு இருக்குது. சன்னலோரம் ஒரு பொண்ணு தலையில கனகாம்பரம் வெச்சிருக்கு. கூட்டம் இல்ல. கண்டக்டரு யாரோ தெரிஞ்ச முகமா இருக்குது, அன்னைக்கி மங்கலம்பேட்டை போறப்ப சில்லறைக்குச் சண்ட போட்டாரே..."

"பஸ்ஸு எங்க இப்ப?"

"போயிடுச்சுங்க."

"பஸ்ஸு உளுந்தூர்பேட்டையே போயிடுச்சு. நீ இன்னும் கனகாம்பரத்தை வுட்டு எறங்கல" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீ மாஸ்டர், "அக்கா, பந்தயத்துல போறவன் பூ வெச்சிக்கிட்டா வரப்போறான்? கலர மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

என் வீட்டுக்காரரே எனக்குப் பாடம் எடுத்தார். எது முன்னால், எது பின்னால், நடுவில் எவ்வளவு இடம். இந்த மூன்றைத் தவிர ஒரு சொல் கூடாது. எனக்கு அது பட்டினி கிடக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் பழகினேன். "டிப்பர் முன்னால. கார் பின்னால. ஒட்டுறான். தாண்டிட்டான்." இதற்குள் அவர், "டிப்பர் காலி வண்டி. சத்தத்துலியே தெரியுது" என்று சேர்த்துச் சொல்வார். டீக்கடைக்கு வருகிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. "இன்னைக்கி யாரு ஜெயிச்சது, முந்திரிக்கொட்ட லோடா, நிலக்கரி லோடா?" என்று விசாரித்துவிட்டுத்தான் டீ சொல்வார்கள். என் வீட்டுக்காரர் பதில் சொல்வார். அவர் நாலு பேரோடு பேசி எவ்வளவு காலமாயிற்று என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

அப்போதுதான் மங்கலம்பேட்டை பாய் வந்தார். கல்ஃபில் வெகுகாலம் டிரைவராக இருந்துவிட்டு வந்து, இப்போது கடை வைத்திருக்கிறார். எங்கள் யூனிட்டில் பொம்மை எடுக்க வருவார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பயிற்சியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அண்ணே, நான் அங்க ஒரு தடவ ரேஸு பாத்திருக்கேன். ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு பாய்."

"அண்ணி தொண்ட கிழியக் கத்துனாலும் ஒங்க காதுல வுழாது. அந்தச் சத்தம் காதுல கேக்குறதில்லண்ணே, நெஞ்சுல இடிக்கும். எல்லாரும் காதுல பஞ்சு வெச்சிக்கிட்டுத்தான் ஒக்காந்திருப்பான். பக்கத்துல இருக்குறவன்கிட்ட தண்ணி வேணும்னாக்கூடக் கையாலதான் கேக்கணும்."

இவ்வளவு நாள் வாயைக் கட்டிப் பழகியதெல்லாம் வீணா என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப வேணாம் வுடு. நீயும் பாப்பாவோட கூட்டாளி யாராவதும் போயிட்டு வாங்க" என்றார். அந்தப் பழைய "நீ போயிட்டு வா" திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் வேலையில் என் ரேடியோ ஓடவில்லை. பொம்மைக்குப் பிளாஸ்டர் அச்சு வெட்டுகிற பெண் என்னைவிடச் சின்னவள், ஆனால் வாயில் என்னைவிடப் பெரியவள். "என்னாக்கா, ஸ்டேஷன் மாறிப்போச்சா? சத்தமே காணோம்" என்றாள். சொன்னேன். அவள் கையிலிருந்த பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டே, "காதுக்குள்ள சொல்ல முடியலன்னா கைக்குள்ள சொல்லேன். அந்த ரோட்டையே மண்ணுல செஞ்சு அவரு மடியில வெச்சிடு. கார் எங்க போவுதோ அங்க அவரு வெரலைத் தூக்கி வெய்யி" என்றாள்.

இந்த எண்ணம் எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் பொறாமைதான்.

மகளிடம் சொல்லிப் பந்தயப் பாதையின் படத்தைப் போனில் வரவழைத்தேன். ஆட்டுக்குடலை அள்ளித் தரையில் போட்ட மாதிரி இருந்தது. அதை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துப் பெரிய தாளில் எடுத்து வந்தேன். அச்சுக்காரி அந்தத் தாளைப் பிளாஸ்டர் பலகை மேல் வைத்து, அதே கோட்டில் பள்ளம் வெட்டினாள். பள்ளத்தில் களிமண்ணை அழுத்தி எடுத்தோம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பலகை. அதன் மேல் மண்புழு மாதிரி மேடாக ஓடுகிற பாதை. கிளம்புகிற இடத்தில் ஒரு பொட்டு. காய வைத்து, முதலாளியிடம் கேட்டு, பிள்ளையார் பொம்மைகளோடு ஒரு ஓரமாகச் சூளையில் ஏற்றினோம். இறக்கியதும் சுண்டிப் பார்த்தேன். கணீரென்றது. ஒரு விரிசல் இல்லை.

கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். என்ன ஏது என்று சொல்லவில்லை. விரலால் தடவிக்கொண்டே போனார். பொட்டு தட்டுப்பட்டதும் நின்றார்.

"இங்கதான் கெளம்புறானா?"

"ஆமாங்க."

அப்புறம் அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சாப்பிடும்போது இடது கையில் பலகை. டீக்கடைக்கும் அதை எடுத்துக்கொண்டு வந்தார். பொட்டிலிருந்து கிளம்பி, நேர் ரோட்டில் விரலை வேகமாக ஓட்டி, வளைவுக்கு முன்னால் மெதுவாக்குவார். வலது கால் தரையில் தானாக அழுந்தும். "இந்த எடத்துல ரெண்டு வளைவு அடுத்தடுத்து வருது. மொதல்ல ஆசப்பட்டா ரெண்டாவதுல அழுவணும்" என்பார். டீ மாஸ்டர் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம பாலக்கரையில திரும்புறதே இதைவிடக் கஷ்டம்" என்றார். பாதை முழுக்க மனப்பாடமாகிவிட்டது. இடது, வலது, வலது, கொஞ்சம் நேர், மறுபடி இடது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் போலிருந்தது.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் எங்களைக் கூட்டிப்போக மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இங்க பாரு பாப்பா, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லிச் சிரித்ததில் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"பொட்டு. நேரு. மொத வளைவு இடது பக்கம்..."

"வலதுப்பா."

"இல்ல பாப்பா, இடது."

அவள் போனை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். படத்தில் வலது பக்கம் திரும்புகிற பாதை, பலகையில் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு இல்லை, எல்லாமே.

அச்சில் வெட்டியது அப்படியே வராது, திரும்பித்தான் வரும். எஸ்டேட்டில் வேலைக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம் இது. உடனே அச்சுக்காரிக்குப் போன் போட்டேன். "அய்யய்யோ அக்கா! எழுத்துன்னா திருப்பி வெட்டியிருப்பேன். பேரு, ஊரு எது வந்தாலும் கை தானா திருப்பிடும். இது வெறும் கோடுதானேன்னு அப்பிடியே வெட்டிட்டேன். கோட்டுக்கு ஏது வலதும் இடதும்னு இருந்துட்டேன்க்கா" என்றாள். அவளை என்ன சொல்ல? நானும்தான் பக்கத்தில் நின்றேன். பொம்மைக்கு மூக்கு நடுவில் இருந்தால் போதும் என்று வேலை செய்து பழகிய கண்கள் எங்களுடையவை.

"வேற செய்ய முடியாதாம்மா?" என்றாள் மகள்.

மண் காய வேண்டும், சூளை ஏற வேண்டும், ஆற வேண்டும். இரண்டு நாளில் எங்கே? பச்சை மண்ணாகக் கொண்டுபோனால் ரயில் குலுக்கலில் பிய்ந்துவிடும்.

"தப்பு எங்க மேலதாங்க" என்றேன். அவர் விரல் பலகை மேல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. "நீங்க போயிட்டு வாங்க" என்ற சொல் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். மகள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். தாகத்துக்குக் குடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

அவர் பலகையைத் தூக்கினார். போடப் போகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அதை அப்படியே மடியில் கவிழ்த்தார். மேடு கீழே, வழவழப்பான முதுகு மேலே. பிறகு இரண்டு கையையும் அதன் அடியில் விட்டு, உள்ளங்கையை மேலாக்கித் தடவ ஆரம்பித்தார். லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு நட்டு முடுக்குகிறவன் கை போகிற மாதிரி போனது.

"பாப்பா, அந்தப் போனைப் பாத்துக்கினே இரு" என்றார். "பொட்டு. நேரு. மொத வளைவு... வலது. சரியா?"

"வலது. சரிப்பா!"

"அடுத்தது இடது. மறுபடி இடது. கொஞ்சம் நேரு. அப்பறம் வலது."

"எல்லாம் சரிப்பா. எப்பிடிப்பா?"

"எப்பிடின்னா? வண்டிக்கி அடியில போயிப் பாத்தா எல்லாம் மாறித்தான் இருக்கும். ஆயுசுல பாதி அடியிலதான படுத்துக் கெடந்தேன். அங்க என்னா லைட்டு போட்டா வெச்சிருந்தான்? கைதான் கண்ணு." பலகையின் முதுகைத் தட்டினார். "மண்ணு நல்ல மண்ணு. வெச்ச பக்கந்தான் தப்பு."

அந்தச் சொல்லையும் முடிந்துகொண்டேன். ஆனால் மனப்பாடம் செய்ததை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் மறுநாளும் அவர் வேறு வேலையே பார்க்கவில்லை. மகள் போனைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பழைய இடது பழக்கத்தில் வந்துவிடும். "ஐயோ அப்பா, சொவுத்துல மோதிட்ட" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் புளிச்சோறு கட்டினேன், மாத்திரை எடுத்து வைத்தேன், பஞ்சு வாங்கி வைத்தேன். ரயிலில் பலகையை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். "இப்ப எங்க போறீங்க?" என்று கேட்டேன். "ரெண்டு வளைவு சேந்து வருது. பேச்சுக் குடுக்காத" என்றார்.

மகள் எங்களைப் பந்தய இடத்து வாசலில் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனாள். அங்கே காவலுக்கு இருந்த பையன் பலகையைப் பார்த்து, "கல்லு எல்லாம் உள்ள எடுத்துட்டுப் போவ முடியாதும்மா" என்றான். டீக்கடையிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையும் தொண்டைக்கு வந்துவிட்டது. பின்னால் வரிசை நின்றது. "இவரு இதைத் தடவித்தான் ரேஸு பாப்பாருப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் ஒரு தடவை அவர் கண்ணைப் பார்த்தான். கயிற்றைத் தூக்கிவிட்டான்.

உட்கார்ந்தோம். பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்தார். என் கையைப் பிடித்து அடியில் விட்டுக்கொண்டார், கார் போகிற இடத்துக்கு நான் அவர் விரலை நகர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. பஞ்சை வைத்துக்கொண்டேன்.

பாய் சொன்னது பொய்யில்லை. கார்கள் கிளம்பியதும் யாரோ என் நெஞ்சுக்குள் சட்டி பானையை உருட்டினார்கள். விரலால் சுண்டுகிற சத்தத்தைக் கேட்டே பிழைக்கிற காது என்னுடையது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவர் விரலை நகர்த்துவதற்குப் பதில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் விரல்தான் என் விரலை இழுத்துக்கொண்டு ஓடியது. நேர், வலது, இடது, இடது.

சத்தம் தூரப் போன ஒரு இடைவெளியில் என் காதருகே குனிந்தார்.

"போன சுத்துல ரெண்டு பேரு ஒட்டிக்கினு வந்தான். இப்ப ஒருத்தந்தான் வந்தான். இன்னொருத்தன் எங்க?"

நான் பஞ்சை எடுத்தேன். "தெரியலீங்க."

"பாக்கலியா நீ?"

"கண்ணை மூடிக்கிட்டேங்க. பயமா இருந்துச்சு."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. திட்டுவார் என்று நினைத்தேன். தோளெல்லாம் குலுங்கச் சிரித்தார்.

"செரி, நான் சொல்றேன் கேளு. அந்த ரெட்ட வளைவுல மொதல்லியே ஆசப்பட்டுட்டான். மண்ணுல எறங்கி நிப்பான், பாரு."

எழுந்து நின்று பார்த்தேன். தூரத்தில் ஒரு நீலக் கார் பாதையை விட்டு இறங்கிப் புழுதிக்குள் நின்றிருந்தது. ரெட்டை வளைவில் இல்லை, அதற்கு அடுத்த வளைவில். அதைச் சொன்னேன்.

"தப்பு அங்கதான் ஆரம்பிச்சான். போயி நின்னது வேண்ணா இங்க" என்றார், விட்டுக்கொடுக்காமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் எட்டிப் பார்த்து, "தாத்தா, அடுத்து யாரு வருவா?" என்று கத்திக் கேட்டார்கள். அவர் பதில் சொல்வதற்குள் சத்தம் திரும்பி வந்துவிட்டது. வலது கால் தரையில் அழுந்தியது. நான் பஞ்சை வைத்துக்கொண்டு, கையை மறுபடி பலகைக்கு அடியில் அவர் விரலோடு விட்டேன்.